எல்சிரா வீட்டு ஈஸ்ட்

எல்சிரா கூருமிலின் சமையலறையில் இருந்த பியர் இருபத்தாறாயிரத்து எழுநூற்று முப்பத்தாறு மணி நேரம் நொதித்தது. லாஸ் நல்காஸ் என்ற அந்த மலைப் பள்ளத்தாக்கு ஊரில் மற்ற வீடுகளில் அதே அளவு பியர் நொதித்து முடிய நூற்று அறுபது மணி நேரம் ஆகும். குளிர் அதிகமென்றால் இருநூறு. ஈஸ்ட் கலந்த நேரம் அவளுடைய நோட்டில் இருக்கிறது: மார்ச் ஒன்பது, மாலை ஐந்து பத்து. கடைசிக் குமிழி உடைந்ததும் ஒரு மாலை ஐந்து பத்துக்குத்தான், மூன்று வருடமும் பதினெட்டு நாளும் கழித்து. அப்போது சமையலறையில் இரண்டு பேர் இருந்தார்கள். பியர் முப்பத்தாறு புட்டி வந்தது. கசப்பு கொஞ்சம் தூக்கல். மற்றபடி குடிக்கும்படியாகவே இருந்தது.

குடுவை இருபது லிட்டர் கொள்ளளவு, தடித்த கண்ணாடி, ஜன்னலுக்கும் விறகடுப்புக்கும் நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தது. அதன் வாயில் ஒரு தக்கை, தக்கையில் ஒரு வளைகுழாய், குழாயின் வளைவில் இரண்டு கரண்டித் தண்ணீர். உள்ளே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளிவிடுகிற வாயு அந்தத் தண்ணீரைக் குமிழியாக உடைத்துக்கொண்டு வெளியே வரும். வெளிக்காற்று உள்ளே போகாது. ஒவ்வொரு குமிழிக்கும் ஒரு சத்தம், 'பொளக்' என்று. சத்தம் நின்றால் பியர் முடிந்தது, புட்டியில் அடைக்கலாம். அந்த ஊரில் நாற்பத்திரண்டு வீடுகளிலும் இதுதான் முறை. யாரும் இதைப் பெரிய விஷயமாக நினைத்ததில்லை.

பெரிய விஷயமாக நினைத்தது வேறொன்றை. லாஸ் நல்காஸில் ஒரு குடுவை பியருக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஹாப்ஸ் எடுப்பார், அதாவது கசப்பும் மணமும் தருகிற பூவைத் தேர்ந்து போடுவார்; மற்றவர் ஈஸ்ட் எடுப்பார். ஹாப்ஸ் எடுத்த கை அந்தக் குடுவையின் ஈஸ்ட்டைத் தொடக் கூடாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். பள்ளத்தாக்கில் முதல் ஹாப்ஸ் கொடி நட்ட தம்பதி சண்டைக்காரர்கள், சமையலறையைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்பது அதில் ஒன்று. கணவனும் மனைவியும் இருக்கிற வீட்டில் சிக்கல் இல்லை. தனி ஆள் என்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, எனக்கு ஒன்று எடுத்துக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். எல்சிராவுக்குப் பக்கத்து வீட்டுப் பெத்ரோனாவின் இரண்டாம் கணவர், கல்யாணத்துக்கு முன்பு, அப்படி ஐந்து மாதம் தொடர்ந்து வந்து கதவைத் தட்டினார். ஒரு மனிதனால் அவ்வளவு பியர் குடிக்க முடியாது என்பது தனக்கு முதல் வாரமே புரிந்துவிட்டது என்றும், வீட்டில் பியர் தீர்ந்திருந்ததால் பேசாமல் இருந்துவிட்டதாகவும் பெத்ரோனா சொல்வாள். இரண்டையும் ஒரே ஆள் எடுத்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

எல்சிரா வீட்டில் ஹாப்ஸ் அவள் கணவன் அமாதேயோவின் பாடு. அறுவடை முடிகிற வாரத்தில் காய்ந்த பூங்கூம்புகளை மேசையில் குவித்துவைத்து, ஒவ்வொரு குவியலிலிருந்தும் இரண்டு மூன்றை உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பான். மஞ்சள் தூள் கையில் ஒட்டும். முகத்தைக் கைக்குள் புதைத்து மூச்சிழுத்து, நிமிர்ந்து, பேசத் தொடங்குவான். இது பொமேலோத் தோல், இது மழை நின்ற பிறகு பைன் மரம், இது எங்கள் அத்தை வீட்டு அலமாரி, இது அந்த அலமாரியைத் திறந்த அன்று அத்தையிடம் வாங்கிய திட்டு. பேல் ஏல் என்கிற வெளிர் பியர் என்றால் கசப்புக்கு நகெட் வகை ஹாப்ஸ், கொதி தொடங்கும்போதே போட்டுவிடுவான். மணத்துக்கு காஸ்கேட். அதை அடுப்பை அணைக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தூவுவான், முன்னால் போட்டால் பூ வாசமெல்லாம் ஆவியோடு போய் ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் லாபம் என்பான். எதையும் நிறுத்துப் போட்டதில்லை. இரண்டு பிடி, ஒரு அரைப்பிடி, அப்புறம் யாருக்கோ என்று ஒரு சிட்டிகை. இத்தனையும் செய்கிற நேரம் முழுக்கப் பேசுவான். பதினொரு வருடத் திருமண வாழ்வில் அவன் பேசாமல் ஹாப்ஸ் தேர்ந்ததை எல்சிரா பார்த்ததில்லை. தூக்கத்திலும் அரைகுறையாகப் பேசுவான்.

ஈஸ்ட் அவள் பாடு. அவள் ஹாப்ஸ் உலர்த்தும் கொட்டகையில் வேலை செய்தாள். பச்சைக் கூம்பை நிறுத்து, உலர்த்தி, மறுபடி நிறுத்து, ஈரம் எத்தனை சதவீதம் என்று எழுதிவைப்பது வேலை. கேட்டால் ஒழியப் பேச மாட்டாள். அவளிடம் மூன்று வகை ஈஸ்ட் இருந்தது. ஒன்று எல் பொல்சோன் கடையில் கிடைக்கிற அமெரிக்கப் பாக்கெட், சர்க்கரை முழுவதையும் தின்றுவிட்டுத் தன் வாசனை எதையும் விடாமல் அடியில் படிந்துவிடும். இன்னொன்று இங்கிலாந்து வகை, பழ வாசனை தரும், குளிர் வந்தால் பாதியில் தூங்கிவிடும். மூன்றாவது அவளே மலையில் கோய்ஹுவே மரத்தில் முளைக்கிற ஆரஞ்சு நிறக் காளான் உருண்டைகளிலிருந்து எடுத்து வளர்த்தது. ஒரு வருடம் ஆப்பிள் வாசனை வரும், ஒரு வருடம் குதிரைச் சேணம். அமாதேயோ பேசி முடிக்கும்வரை, அதாவது ஒரு நாள் முழுக்க, அவள் யோசிப்பாள். பிறகு பெரும்பாலும் அமெரிக்கப் பாக்கெட்டைத்தான் வெட்டுவாள். ஹாப்ஸ் இவ்வளவு பேசும்போது ஈஸ்ட் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது என்பது அவள் எண்ணம். அதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மார்ச் ஒன்பதாம் தேதியைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது இவ்வளவு. தெற்கே உஷுவாயாவில் ஒரு பியர் ஆலையில் அமாதேயோவுக்கு வேலை கிடைத்திருந்தது. பகல் பன்னிரண்டு நாற்பது பஸ்ஸில் அவன் ஒற்றைப் பையோடு ஏறினான். நிறுத்தத்தில் எல்சிரா இல்லை. மூன்று மணிக்கு அவள் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து ஹாப்ஸ் கொதிக்கிற வாடை வந்தது. நோட்டில் அவள் கையெழுத்தில், 'ஹாப்ஸ்: அமாதேயோ. ஈஸ்ட்: எல்சிரா' என்று இருப்பதை மறுநாள் பெத்ரோனா பார்த்தாள். ஆக, ஹாப்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவளிடம் சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறான்.

"உலை ஏத்தி வச்சிட்டு பஸ் ஏறிட்டானே, ஆம்பளையா அவன்?" என்று பெத்ரோனா கடை வாசலில் நின்று கேட்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. எல்சிராவும் மூடப் பார்க்கவில்லை. அந்த வாரமே பெத்ரோனா எண்ணெயில் பொரித்த அப்பம் கொண்டுவந்தாள். பெத்ரோனா நிலத்துக்கு அடுத்த நிலத்து லிசாந்த்ரோ ஒரு மூட்டை உருளைக்கிழங்கு இறக்கிவைத்தான். புது வருடத்துக்கு அரை ஆட்டுக்குட்டி வந்தது, அதற்கடுத்த புது வருடத்துக்கும் வந்தது. கைவிடப்பட்ட பெண்ணுக்கு ஊர் என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் குறைவில்லாமல் செய்தார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னாள், பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

அமாதேயோவின் அப்பா டான் இலாரியோ ஆற்றுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். ஐம்பது வருடம் ஹாப்ஸ் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அறுவடை முடிகிற நாள் விருந்தில் சுட்ட ஆட்டின் முதல் துண்டை வெட்டுவது அவர் கைதான். அந்த வருடம் கத்தியை லிசாந்த்ரோவிடம் நீட்டிவிட்டு, பெஞ்சின் கடைசியில், நாய்கள் படுத்திருந்த பக்கம் போய் உட்கார்ந்தார். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. மகன் எழுதிய கடிதங்களைப் பிரிக்காமல் அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினார். எல்சிராவுக்கும் மூன்று கடிதங்கள் வந்தன. மன்னிப்புக் கேட்கிறான் போல என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் டான் இலாரியோ ஒரு வண்டி விறகு வெட்டி, பிளந்து, அவள் வீட்டுப் படலுக்கு வெளியே அடுக்கிவிட்டுப் போவார். உள்ளே வர மாட்டார். கையசைத்தால் தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வார். அவருடைய மகன் செய்ததற்கு அவர் விறகு வெட்டினார். அந்த விறகில்தான் அவளுடைய மூன்று குளிர்காலமும் போயின.

பியர் முடியவில்லை என்பது முதலில் ஏப்ரலில் தெரிந்தது. எல்சிரா அடர்த்திமானியை விட்டுப் பார்த்தாள். ஆயிரத்துப் பதினெட்டு காட்டியது. மே மாதமும் ஆயிரத்துப் பதினெட்டு, ஆகஸ்ட்டிலும் அதே. சர்க்கரை குறையவில்லை, வாயு மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டாள். இருபது லிட்டர் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லிச் சாற்றில் இருக்கிற சர்க்கரை மொத்தமும் வாயுவும் சாராயமுமாக மாறினாலும், வெளியே வரக்கூடிய வாயு நானூறு லிட்டரைத் தாண்டாது. அந்த வளைகுழாய் வழியாக ஏற்கெனவே மூவாயிரம் லிட்டர் போயிருந்தது. கணக்கை இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு நோட்டை மூடிவிட்டு, வாயு தேங்காமல் இருக்க ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்துவைத்தாள். மறுவருடம் பரிலோச்சேயிலிருந்து பல்கலைக்கழகத்துப் பெண்மணி ஒருவர் வந்து ஒரு குப்பி எடுத்துப் போனார். கடையில் கிடைக்கிற பாக்கெட் ஈஸ்ட்தான், வேறெதுவும் இல்லை, ஆய்வுக்கூடத்தில் இரண்டே நாளில் அடங்கிவிட்டது, அளவீட்டில் பிழை இருக்கலாம் என்று கடிதம் வந்தது. ஆய்வுக்கூடத்துக்கு என்ன மானம் போகிறது, அது சீக்கிரம் அடங்கிவிடும் என்றாள் பெத்ரோனா. அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம், அதற்குள் லிசாந்த்ரோ விஷயம் நடந்திருந்தது.

தயிருக்கு உறை வாங்குவதுபோல அங்கே ஒருவர் வீட்டு ஈஸ்ட்டை இன்னொருவர் வாங்கிக்கொள்வது வழக்கம். நன்றாக நொதிக்கிற குடுவையின் நுரையை ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தால் போதும், ஒரு பாக்கெட் மிச்சம். எல்சிரா வீட்டில் எப்போதும் நுரை இருந்ததால் லிசாந்த்ரோ வந்து ஒரு கரண்டி வாங்கிப் போனான். அவனுடைய பியர் நாற்பத்தோரு நாள் குமிழி விட்டது. நாற்பத்திரண்டாம் நாள் சாப்பாட்டு மேசையில், வடக்கு வேலியை ஏன் இத்தனை வருடமாகப் பழுது பார்க்கவில்லை என்று அவன் மனைவி சும்மா கேட்டாள். லிசாந்த்ரோ கரண்டியைக் கீழே வைத்தான். "அந்த வேலிக்கம்பை நான்தான் நகர்த்தி நட்டேன். தொண்ணூத்தெட்டுல. ரெண்டு மீட்டர்." குமிழி அந்தக் கணம் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் பெத்ரோனாவின் நிலம். மறுநாள் அவள் நாடாவோடு வந்து அளந்தாள்.

"ரெண்டு மீட்டர் நாப்பது," என்றாள். "உன் பியருக்கும் உன்னை மாதிரியே கணக்கு வராது."

லிசாந்த்ரோ கம்பைப் பிடுங்கி நட்டுக் கொடுத்தான். அடுத்த இரண்டு வருடத்தில் ஊரில் பதினேழு குடுவைகள் இப்படி நின்றன. பள்ளி ஆசிரியை ஒருத்தி, இந்தப் பள்ளத்தாக்கு தனக்கு ஒரு நாள்கூடப் பிடித்ததில்லை என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னதும் நின்றது. அவரும் அதையே சொன்னார், அவர் வீட்டுக் குடுவையும் நின்றது. கேட்பதற்கு ஒரு மனிதக் காது வேண்டும் என்பது தனியாக இருந்த ஒரு கிழவரால் தெரியவந்தது. அவர் தன்னுடையதை நாயிடம் சொன்னார், ஆற்றிடம் சொன்னார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி, ஓட்டுநரிடம் சொன்னார். மூன்றாவது வளைவில் நின்றது. பாதி சொன்னால் பாதி வேகம்தான் குறையும் என்பதும் தெரிந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பூசைக்கு வருகிற பாதிரியார், பாவ சங்கீர்த்தனத்துக்கு ஆளே வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார், பிறகு அவரே ஒரு கரண்டி வாங்கிப் போனார். ஒன்பது நாளில் நின்றதாகக் கேள்வி. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மறைக்க வேண்டியது இருந்தவர்கள் எல் பொல்சோனுக்குப் போய்ப் பாக்கெட் வாங்கினார்கள், இறக்கிவைக்க வேண்டியது இருந்தவர்கள் எல்சிரா வீட்டுக்கு வந்தார்கள். பாக்கெட் விலை அந்த வருடம் இரண்டு தடவை ஏறியும் கடைக்காரர் கையிருப்பு தீர்ந்துகொண்டே இருந்தது.

முதல் குடுவை மட்டும் நிற்கவில்லை. அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை. குழாய் பக்கம் பார்க்காமல் பேசுவது ஒரு மரியாதையாகிவிட்டது. முன்பு அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, ஒரே சுரைக்குடுவையில் மாத்தே என்ற இலைத் தேநீரை ஊற்றி ஊற்றி உறிஞ்சி, ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனவர்கள், இப்போது வாசலிலேயே நின்று நுரையை வாங்கிக்கொண்டார்கள். எல்சிரா நேரத்தைக் குறித்துவைக்கிற பழக்கம் உள்ளவள். மூன்றாம் வருடம் அவள் வீட்டில் ஒருவர் தங்கிய சராசரி நேரம் ஆறு நிமிடம்.

அவள் கட்டிலைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டாள். ஜூலைக் குளிரில் நான்கு விநாடிக்கு ஒரு குமிழி, ஜனவரி வெயிலில் விநாடிக்கு இரண்டு. மலையிலிருந்து காற்று இறங்கி வருகிற நாட்களில் சத்தம் கேட்காமல் போகும், அவள் விழித்துக்கொள்வாள், எழுந்துபோய்க் குழாயில் காதை வைத்துப் பார்த்துவிட்டு வந்து படுப்பாள். அது அவளுக்குப் பதில் சொல்லவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை. அமாதேயோவும் அப்படித்தான். புதிதாகப் பியர் போடவும் அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. ஹாப்ஸ் எடுத்துத் தரும்படி யார் கதவையாவது தட்ட வேண்டும். தட்டினால் உள்ளே வரச் சொல்வார்கள், உட்காரச் சொல்வார்கள், பாவம் என்பார்கள். ஊருக்கெல்லாம் ஈஸ்ட் கொடுத்தவள் வீட்டில் மூன்று வருடமாகக் குடிக்க ஒரு புட்டி இல்லை.

சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்லிப் பார்த்தாள். பெத்ரோனா அப்பத்தில் போடுகிற சோம்பு தனக்குப் பிடிக்காது என்று பெத்ரோனாவிடமே சொன்னாள். கொட்டகையில் ஒரு தடவை ஈரமான மூட்டையைச் சரி என்று எழுதிவிட்டதைச் சொன்னாள். குழாய் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சோம்புதானாடி உன் பெரிய பாவம்?" பெத்ரோனா அன்று உட்கார்ந்திருந்தாள், புது வருடத்து ஆட்டிறைச்சி அவள் மடியில் துணியில் சுற்றியிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவனைக் கொன்னு புதைச்சிருந்தா சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். மம்பட்டி வேணும்னா நானே தர்றேன்."

எல்சிராவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கிற இடத்தில், சொல்லாமல் வைத்திருந்தது நாக்கு நுனிவரை வந்து நின்றது. அப்போது பெத்ரோனா இறைச்சியை எடுத்து மேசையில் வைத்து, உன்னை மாதிரி ஒருத்தியை விட்டுவிட்டுப் போக அவனுக்கு எப்படி மனசு வந்தது என்று கண்ணைத் துடைத்தாள். எல்சிரா வாயை மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலம் ஆள் இல்லாதபோது அதை முழுசாக, தெளிவாக, சமையலறையின் நடுவில் நின்று சொன்னாள். குழாய் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. சொன்னால் குமிழி நிற்கும். நின்றால் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. ஊர் விறகையும் கிழங்கையும் திருப்பிக் கேட்காது, ஆனால் அவளை வேறு கண்ணால் பார்க்கும். சொல்லாவிட்டால் பெஞ்சின் கடைசியில் நாய்களோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். இதை அவள் ஒவ்வொரு ஏப்ரலும் விறகை உள்ளே எடுத்து அடுக்கும்போது நினைத்தாள், அடுக்கி முடித்ததும் அடுப்பை மூட்டினாள்.

ஆயிரத்து நூற்றுப் பதினாலாம் நாள், அறுவடை முடிந்த வாரம், மாலை நாலே முக்காலுக்கு டான் இலாரியோ படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். மூன்று வருடத்தில் முதல் தடவை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், தொப்பிக்குள் காய்ந்த ஹாப்ஸ் இருந்தது.

"ஹாப்ஸ் நான் எடுத்துட்டேன்," என்றார். "நான் தனியாள். ஈஸ்ட் ஒண்ணு எடுத்துக் குடு, மகளே."

உட்காருங்கள் மாமா என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மனைவி இறந்த பிறகு அவர் பியர் போட்டதில்லை. எதற்கு இப்போது என்று அவள் கேட்கவில்லை, அவரே சொன்னார். அமாதேயோ கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறான், சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறானாம், மூன்று நாள் விடுப்பாம். இங்கே உனக்கு அப்பா இல்லை என்று சொல்லிவிடும்படி கடைக்காரரிடம் சொல்லியாயிற்று. சொல்லிவிட்டு வந்ததிலிருந்து தனக்குள் ஏதோ ஒன்று அடங்கவில்லை, என்னவென்று தெரியவில்லை, அதனால்தான் இந்த வீட்டு ஈஸ்ட் வேண்டும்.

"நான் எப்படிம்மா அவனை வீட்டுல ஏத்துவேன்? உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

எல்சிரா கரண்டியைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவியிருந்த கரண்டி. கிழவர் எழுந்து குடுவைப் பக்கம் போனார். ஊரில் மூன்று வருடமாக யாரும் செய்யாததைச் செய்தார், குனிந்து குழாயைப் பார்த்தார். அது கடைசியாகத் தன் மகன் ஹாப்ஸ் எடுத்த குடுவை என்றுதான் அவரும் நம்பியிருந்தார். குழாயின் வாயில் மூக்கை வைத்து, ஐந்தாறு குமிழி உடைகிறவரை மூச்சை இழுத்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து முகர்ந்தார்.

"பூ வாசமே இல்லையே."

அவள் கழுவிய கரண்டியைத் துணியில் துடைத்தாள்.

"எவ்வளவு நாள் ஆனாலும் கொஞ்சமாவது நிக்கணும். அவன் காஸ்கேட்டைக் கடைசி அஞ்சு நிமிஷத்துலதானே போடுவான். அவனுக்கு ஏழு வயசுல நான் சொல்லிக் குடுத்தது. இது ஒரு மணி நேரம் கொதிச்சிருக்கு." ஜன்னல் கட்டையில் இருந்த நோட்டை எடுத்து, கையைத் தூரமாக நீட்டி, முதல் பக்கத்தைப் படித்தார். உதடு அசைந்தது. 'ஹாப்ஸ்: அமாதேயோ. காஸ்கேட், அறுபத்திரண்டு கிராம்.' நோட்டை மேசையில் வைத்தார். "அறுபத்திரண்டு கிராம். என் மகன் என்னைக்கும்மா தராசைத் தொட்டான்? இது அவன் கை இல்ல."

பொளக் என்றது குழாய். எல்சிரா பென்சிலை எடுத்து அமாதேயோ என்ற பெயரை ஒரு கோடு போட்டு அடித்தாள். மேலே தன் பெயரை எழுதினாள். இரண்டு வரியிலும் ஒரே பெயர். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அங்கே ஒட்டியிருந்த ஒரு மஞ்சள் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். உஷுவாயாவுக்கு ஒரு பஸ் டிக்கெட், கிழிக்காதது. எல்சிரா கூருமில், இருக்கை எண் பதினாலு.

"ரெண்டு டிக்கெட் வாங்கியிருந்தார், மாமா," என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "காலையில நான் மால்ட் ஊற வச்சிக்கிட்டிருந்தேன். இந்த வாசல்ல நின்னு, வா எல்சிரான்னார். ஆலையில வீடு குடுக்குறாங்க, சமையலறை பெருசுன்னார். நான் வரலன்னேன். மறுபடி கூப்பிட்டார். வரலன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, போயிட்டார். அவர் என்னை விட்டுட்டுப் போகல. அப்புறம் ஹாப்ஸை நானே எடுத்துப் போட்டுட்டேன். எப்பப் போடணும்னு தெரியல."

டான் இலாரியோ டிக்கெட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அவளைத் திட்டவில்லை. தொப்பியில் இருந்த ஹாப்ஸைக் கீழே சிந்தாமல் மேசை மேல் கொட்டிவிட்டு, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார். இருவருமாகக் குழாயைக் கவனித்தார்கள். குமிழி வேகம் குறைந்திருந்தது. ஐந்து விநாடிக்கு ஒன்று, பிறகு எட்டு விநாடிக்கு ஒன்று. அதற்கு மேல் குறையவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து எட்டு.

"இன்னும் மிச்சம் இருக்கு போல," என்றார், கெட்டில் இன்னும் கொதிக்கவில்லை என்று சொல்வதுபோல. "சனிக்கிழமை பஸ்ஸுக்கு நான் போறேன். அது ஆச்சு. மிச்சத்தையும் சொல்லிடும்மா. எதுக்கு வரலன்னே? உன்னை அடிச்சானா?"

"இல்ல."

"வேற யாராவது?"

"இல்ல, மாமா." அவள் குடுவையைப் பார்த்தாள், ஜன்னலில் திறந்திருந்த அந்த ஒரு விரல் இடைவெளியைப் பார்த்தாள். "பேசிக்கிட்டே இருப்பார். பதினோரு வருஷம், ஒரு நிமிஷம் விடாம. வீடு கொஞ்ச நாள் சத்தமில்லாம இருந்தா நல்லா இருக்கும்னு ஆசையா இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல."

பொளக் என்றது குழாய். ஐந்து பத்து.